சிரித்தது யார்

சிரிக்க வேண்டும், அவ்வளவுதான், எட்டு விநாடி சிரித்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று எமில்டா மூன்றாவது தடவையாகத் தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஹெட்போனுக்குள் மழை பெய்வதற்கு முன்னால் வருகிற மாதிரி ஓர் இரைச்சல், மைக்குக்கு முன்னால் கறுப்புத் துணி வட்டம், அதற்கு அப்பால் திரையில் உறைந்து நிற்கும் ஒரு சீனக் கிராமம்; மண் சுவர், ஒரு கழுதை வண்டி, வண்டிமேல் ஏறி நிற்கிற ஜப்பான் அதிகாரி, அவனுக்குப் பக்கத்தில் லின் என்கிற பெண் வாயைப் பாதி திறந்தபடி நிற்கிறாள், அந்தப் பாதி வாய்க்குள்தான் எமில்டா தன் சிரிப்பை வைக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இந்த வடபழனி, சாலிகிராமம் பக்கத்து இருட்டறைகளில் அவள் குரல் கொடுத்துவருகிறாள், அழுகைதான் அதிகம். சாவு வீட்டுக் காட்சியா, எமில்டாவைக் கூப்பிடு. தீப்பிடித்த குடிசையா, வெள்ளமா, கூட்டத்தில் ஒரு தாய் நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டுமா, எமில்டாக்கா ஒருத்தி போதும், பத்துப் பேர் அழுகிற மாதிரி அழுதுவிடுவாள். கல்யாண வீட்டுக் கூட்டத்துக்கும் கோவில் திருவிழாச் சிரிப்புக்கும் வேறு ஆட்கள் இருக்கிறார்கள், அவளைக் கூப்பிட்டதில்லை, அவளும் போய் நின்றதில்லை. இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பெயருள்ள ஒரு பாத்திரம், கதை முழுக்க வருகிற பாத்திரம், ஊரைப் பிடிக்க வந்தவர்களை ஊர் ஜனங்கள் ஏமாற்றி ஏமாற்றி ஓடவிடுகிற சண்டைக்காலச் சிரிப்புப் படம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே வீடுகளில் பார்ப்பார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பரணிதரன் உட்கார்ந்திருந்தான், வசனமும் அவன்தான், டப்பிங் பார்த்துக்கொள்வதும் அவன்தான், நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். அவன் பொத்தானை அழுத்திப் பேசினான். "அக்கா, ரொம்ப யோசிக்காதீங்க. அடக்கி அடக்கிப் பார்க்கறா, முடியல, வெடிச்சிடறா. அவ்ளோதான். தண்ணி குடிக்கிறீங்களா?" வேண்டாம் என்று தலையசைத்தாள். தண்ணீர் குடித்தால் சரியாகிவிடுகிற தொண்டையா இது.

காலையில் எல்லாம் சரியாகத்தான் போனது, அதுதான் பயமாக இருக்கிறது. வந்ததும் பரணிதரன் கொஞ்சம் தயங்கி, கழுத்தைச் சொறிந்துகொண்டு கேட்டான். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஜப்பான்காரன் ஜப்பான் பாஷையிலேயே பேசட்டும்னு விட்டுட்டேன். இந்த ஊர் ஜனங்களை மட்டும் தனியா காட்டணும். மதுரைத் தமிழ், கோயம்புத்தூர் தமிழ் எல்லாம் போட்டுப் போட்டு சலிச்சுப்போச்சு. உங்க சிலோன் தமிழ்ல பேசினா செம காமெடியா இருக்கும்." உங்க சிலோன் தமிழ். அவனுக்கு எப்படித் தெரியும்? மண்டபம் அகதி முகாமுக்கு வந்த முதல் வருஷமே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் 'கதைக்கிறாளாம் கதைக்கிறாளாம்' என்று கைதட்டியபோது அவள் அந்தத் தமிழை வாயிலிருந்து எடுத்து எங்கேயோ வைத்துவிட்டாள். பிறகு சென்னை, பிறகு இந்த வேலை, ஒருத்தர் 'உங்க பேச்சுல ஏதோ இடிக்குதே' என்று சொன்னதற்காக ஆறு மாதம் பஸ்ஸில் பக்கத்துப் பெண்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறாள். தேய்த்துக் கழுவிய பாத்திரம் மாதிரி ஒரு மணம்கூட இல்லாமல் செய்து வைத்திருந்த பேச்சு, அதில் முன்பு இருந்த மணம்தான் இப்போது வேண்டும், சிரிப்பாக இருக்கும், போடுங்கள் என்கிறான். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாயைத் திறந்தாள், 'பெரியவர் சொல்லுறார், எல்லாரும் நல்லாக் கேளுங்கோ' என்று லின்னுடைய முதல் வசனம் வந்தது, முப்பத்தைந்து வருஷமாகத் தொடாத சொற்கள், துருப்பிடிக்காமல், ஒரே தடவையில் சரியாக உதட்டில் பொருந்தின. பரணிதரன் மேசையில் தட்டிச் சிரித்தான், ஒலிப்பதிவு செய்கிற ரெஹானா முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எமில்டா மட்டும் ஹெட்போனில் திரும்பி வந்த குரலைக் கேட்டு நடுங்கிப் போனாள். அது அவள் குரலே இல்லை. நிறுத்தி, முகத்தை ஒருவிதமாக இறுக்கி, ஒன்றும் தெரியாத அப்பாவி மாதிரி இழுத்துச் சொன்ன அந்தத் தொனி அப்பாவுடையது.

யார் இந்தக் கதையை எழுதியிருப்பார்கள். லின் டோஃபு விற்கிறவள், சின்ன வயதில் துறைமுகத்தில் ஒரு சலவைக் கடையில் வேலை செய்தபோது ஜப்பான் பாஷை பழகினவள், அதனால் அதிகாரி அவளை மொழிபெயர்க்க வைக்கிறான், அவன் ஒன்று சொல்ல அவள் வேறொன்று சொல்கிறாள், ஊர் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறது. அப்பாவின் பெயர் பறுநாந்து, சிங்கள ஊரான குருநாகலில் எட்டு வருஷம் பேக்கரியில் மாவு பிசைந்தவர், சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, வெள்ளாங்கண்டல் என்கிற அவர்கள் கடற்கரை ஊரில் வேறு யாருக்கும் அது சரியாக வராது. தொண்ணூறாம் ஆண்டு சிங்கள ஆமி வந்து பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டபோது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சனம் எல்லாரையும் கோயில் வளவில் மணலில் இருத்தி வைப்பார்கள், அதிகாரி ஒருத்தன் வந்து நின்று பேசுவான், அப்பா பக்கத்தில் நிற்பார், நீலக் கோடு போட்ட சாரம், பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை, கைகள் இரண்டும் முன்னால் கட்டியபடி. 'உங்களைப் பாதுகாக்க வந்திருக்கிறோம்' என்பான் அவன். அப்பா முகத்தில் ஒரு தசை அசையாது. "இவைக்கு இந்த இடம் புதிசாம், இருட்டினாப் பயமாக் கிடக்காம், நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேணுமாம்." 'சந்தேகப்படும்படி யாராவது வந்தால் உடனே தெரிவிக்க வேண்டும்' என்பான். "ஆரேனும் விருந்தாளி வந்தால் சொல்லட்டாம், தங்களையும் சாப்பிடக் கூப்பிடுறேல்லை எண்டு பெரியவருக்கு மனவருத்தம்." அதிகாரி தலையை ஆட்டுவான், நன்றாகச் சொல்கிறாய் என்று அப்பாவின் தோளில் தட்டுவான். மணலில் இருந்த இருநூறு பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்திருப்பார்கள், தோள்கள் மட்டும் குலுங்கும், சத்தம் வராது, தூரத்தில் பார்த்தால் ஊரே செபம் சொல்லி அழுகிற மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்துதான் சிரிப்பார்கள், கதவைச் சாத்திக்கொண்டு, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு. கடல் தொழில் நின்றுபோய், கோதுமை மா இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, ஆமி பிடித்துப் போன பெடியள் திரும்பவில்லை, அந்த நாட்களில் சனம் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தது. பூசைக்கே வராதவர்கள் பூசைக்கு வந்தார்கள். அப்பாவும் காத்திருந்தார், அது அவளுக்கு இப்போது தெரிகிறது, சனிக்கிழமை முழுக்க முற்றத்தில் நடந்துகொண்டு தனக்குள் ஏதோ முணுமுணுத்துச் சரிபார்ப்பார்.

"ரெடியாக்கா?" ரெஹானாவின் குரல். திரை அசைந்தது. அதிகாரி கையை நீட்டிப் பேசுகிறான், லின் திரும்பி மொழிபெயர்க்கிறாள், காலையில் எமில்டா பேசிய வசனம் ஹெட்போனில் ஓடுகிறது, அடுத்து தொடங்கு என்று எண்ணிக் கொடுக்கிற மூன்று பொட்டுச் சத்தம், பாதி வாய் திறக்கிறது, இப்போது. எமில்டா சிரித்தாள். ஹா, ஹா என்று ஏதோ வந்தது, பல் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டுகிற மாதிரி. வெட்டு. "பரவால்லக்கா. இன்னொண்ணு." இன்னொன்று. இருமலாக முடிந்தது. இன்னொன்று. பரணிதரன் கண்ணாடிக்குப் பின்னால் ரெஹானாவிடம் ஏதோ சொன்னான், வாயசைவு மட்டும் தெரிந்தது, வாயசைவைப் படிப்பதுதான் எமில்டாவின் தொழில். 'வேற யாரையாவது வச்சு சிரிப்பை மட்டும் ஒட்டிடலாமா.' ஒட்டட்டும். யாருடைய சிரிப்பையாவது எடுத்து யாருடைய வாயிலாவது ஒட்டிவிடலாம், அது ஒன்றும் கஷ்டமில்லை, அவளே ஒட்டியிருக்கிறாள், பன்னிரண்டு வயதில்.

நாய்தான். நாய் இல்லாவிட்டால் சிரித்திருக்க மாட்டாள். அன்றைக்கு அதிகாரி ஊர் நாய்களைப் பற்றிப் பேசினான், இரவில் ரோந்து போகிற ஆட்களைப் பார்த்துக் குரைக்கின்றன, எல்லாரும் தங்கள் நாய்களைக் கட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சுடுவோம் என்று. அப்பா நெற்றியைச் சுருக்கிக் கேட்டார், சனத்தைப் பார்த்துத் திரும்பினார். "பெரியவர் சொல்லுறார், தங்களைக் கண்டால் எங்கட நாயள் குலைக்குதுகளாம். ஏன் குலைக்குதுகள் எண்டு அதுகளிட்டக் கேட்டு எழுதித் தரட்டாம்." தோள்கள் குலுங்கின. அப்பா அத்தோடு விட்டிருக்கலாம். ஒரு நிமிஷம் யோசித்து, முக்கியமான எதையோ மறந்துவிட்டவர் மாதிரி விரலைத் தூக்கிச் சொன்னார். "கையெழுத்து நாய்தான் வைக்க வேணுமாம்." எமில்டாவின் கண்ணுக்கு முன்னால் வீட்டு நாய் தோன்றியது, சிவலை, ஒரு காது மடிந்தது, அது முன்காலால் பேனையைப் பிடித்து நாக்கை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு தாளில் குனிந்து கையெழுத்து வைத்தது. அவ்வளவுதான். மூக்கால் ஒரு சீறல், பிறகு அடக்க முடியாமல் வெளியே பாய்ந்த ஒரு சிரிப்பு, கோயில் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அது தன்னுடையது என்று தெரிந்த கணத்திலேயே அவள் முன்னால் இருந்தவளின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். முன்னால் இருந்தது பிலோமினா. பதினேழு வயது, இரண்டு வீடு தள்ளி இருப்பவள், எமில்டாவுக்குத் தலை பின்னி விடுகிறவள். பிலோமினா வாயைக் கையால் பொத்தியிருந்தாள், சிரிப்பை அடக்க எல்லாரும் செய்கிற மாதிரி, அதிகாரியின் கண் வரிசையாகப் போய் அந்தப் பொத்திய கையில் நின்றது. ஏன் சிரிக்கிறார்கள் என்று அப்பாவிடம் கேட்டான். ஒரு பெட்டைக்கு மூளை கொஞ்சம் சரியில்லை மாத்தயா என்று பணிவாகச் சொன்னார் அப்பா. அதிகாரி பிலோமினாவையே பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு கூட்டத்தை முடித்தான். இந்தப் படத்திலும் அதிகாரி கேட்கிறான், ஏன் சிரிக்கிறாய் என்று. உங்கள் நல்ல மனசை நினைத்துச் சந்தோஷத்தில் சிரிக்கிறோம் என்கிறாள் லின். அவனும் சிரிக்கிறான். வண்டிமேல் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் சிரிக்கிறார்கள், கழுதைகூடக் கத்துகிறது. அடுத்த காட்சியில் அவன் சேற்றில் விழுவான். எவ்வளவு லேசாக இருக்கிறது இவர்களுக்கு.

அடுத்த ஞாயிறு வரைக்கும், அந்த ஒரு கிழமை முழுக்க அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். "இந்த ஞாயிறு ஒழுங்காச் சொல்லுங்கோ. உங்களைக் கும்பிட்டன்." அப்பா ஓம் என்றார். உண்மையாகவே ஒழுங்காகச் சொன்னார், அதை யாரும் பின்னால் பேசவில்லை, எமில்டாவுக்கு மட்டும் நினைவிருக்கிறது, அவன் சொன்னதை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொல்லிக்கொண்டே போனார். சனத்தின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்தது. எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், இப்ப வரும், இப்ப வரும் என்று, பசித்தவர்கள் சோற்றுப் பானையைப் பார்க்கிற மாதிரி. அதிகாரிக்குப் பின்னால் சீருடை இல்லாத புது ஆள் ஒருத்தன் நின்றான், அப்பா அவனைக் கண்டாரா இல்லையா, முப்பத்தைந்து வருஷமாக எமில்டா அந்த இடத்தில் வந்து வந்து தட்டிக்கொண்டு நிற்கிறாள். கண்டிருந்தால் பேசியிருக்க மாட்டார். கண்டும் பேசினார் என்றால் அவள் சிரிப்புக்கு அதில் பங்கில்லை. அப்படி நினைக்கும்போது ஒரு நிமிஷம் மூச்சு லேசாகும். ஆனால் அவள் சிரிக்காவிட்டால் அந்தப் புது ஆளை அதிகாரி எதற்குக் கூட்டி வரப்போகிறான், அங்கே மறுபடி அடைத்துக்கொள்ளும். கடைசியாக அதிகாரி சொன்னான், ஏதாவது குறை இருந்தால் பயப்படாமல் முகாமுக்கு வந்து சொல்லுங்கள். அப்பா வாயைத் திறந்தார், மூடினார். "குறை இருந்தால் வந்து சொல்லட்டாம்," என்றார். பிறகு மிகவும் மெதுவாக, "சொல்ல வந்த ஆக்களைத் திருப்பி வீட்டுக்கு அனுப்புறது பற்றிப் பெரியவர் ஒண்டும் சொல்லேல்லை." யாரும் சிரிக்கவில்லை. அதில் சிரிக்க எதுவும் இல்லை. தமிழ் தெரிந்த அந்தப் புது ஆள் அதிகாரியின் காதருகே குனிந்தான். இன்னொரு தடவை சொல் என்றான் அதிகாரி, சாதாரணமாக, கேட்காதவன் மாதிரி. அப்பா இன்னொரு தடவை சொன்னார், அதே சொற்கள், அதே நிதானம். ஜீப்பில் ஏற்றும்போது ஒரு செருப்பு கழன்று மணலில் விழுந்தது. அம்மா ஒரு மாதம் முகாம் வாசலில் போய் நின்றாள். அப்படி ஒருத்தரைக் கொண்டுவரவே இல்லை என்றார்கள்.

அம்மாவுக்கு யாரையாவது திட்ட வேண்டியிருந்தது. ஆமியைத் திட்ட முடியாது. பிலோமினா வீட்டு வேலிக்கு முன்னால் போய் நின்று மூன்று நாள் மண்ணை அள்ளி வீசினாள். "என்ர மனுசனைச் சிரிச்சுச் சாக்காட்டினவளே, உன்ர சிரிப்பு அடங்க, உன்ர வயிறு எரிய." எமில்டா அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் நாள் பிலோமினா வெளியே வந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. எமில்டாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, கெஞ்சல் இருந்ததா, சொல்லடி என்று சொன்னதா, சொல்லாதே என்று சொன்னதா, எவ்வளவு தடவை அதைத் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்தாலும் வாயசைவு இல்லை, அந்தக் கண்ணுக்கு எந்த வசனத்தையும் பொருத்த முடியவில்லை. பிலோமினா உள்ளே போய்விட்டாள், ஒரு சொல் பேசவில்லை. ஊர் அவளோடு பேச்சை நிறுத்தியது. கோயிலில் அவள் இருந்த வாங்குப் பலகையில் மற்றவர்கள் இருக்கவில்லை. ஐப்பசியில் அம்மாவும் எமில்டாவும் படகேறினார்கள். படகில் சொல்லலாம் என்று நினைத்தாள், அலையாக இருந்தது. முகாமில் சொல்லலாம் என்று நினைத்தாள், பத்தடிக் கொட்டகையில் பக்கத்துக் குடும்பம் கேட்டுவிடும். பிறகு படிப்பு, வேலை, கல்யாணம், கல்யாணம் முறிந்தது, ஒவ்வொன்றும் முடியட்டும் என்று இருந்தாள். பிலோமினாவைப் போரின் கடைசிச் சண்டையில் இரண்டு பிள்ளைகளோடு கடற்கரைப் பக்கம் கண்டதாக ஒருத்தர் சொன்னார், சுவிஸில் கண்டதாக இன்னொருத்தர் சொன்னார், உறுதியாக விசாரிக்கவில்லை, விசாரித்தால் பதில் வந்துவிடும். நாலு வருஷத்துக்கு முன்னால் வளசரவாக்கத்து வாடகை வீட்டில் அம்மா படுக்கையில் கிடந்தபோது திடீரென்று கேட்டாள். "அந்தச் சிரிப்புக்காரி இன்னும் இருப்பாளோ?" தெரியாது அம்மா என்றாள் எமில்டா. "இருக்கக் கூடாது," என்றாள் அம்மா. அப்போதாவது சொல்லியிருக்கலாம். அறையில் அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை. அம்மா செத்த அன்று எமில்டா அழுத அழுகையைக் கேட்டு மாடி வீட்டுக்காரர்களே இறங்கி வந்தார்கள், தொழில் தெரிந்த அழுகை, அவளுக்கே எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே உடைய வேண்டும் என்று தெரிந்திருந்தது, அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"அக்கா, ஒரே ஒரு தடவை பார்க்கலாம். வரலைன்னா விட்டுடலாம்," என்றான் பரணிதரன், குரலில் சலிப்பை மறைத்துக்கொண்டு. அவள் தலையசைத்தாள். அதிகாரி கையை நீட்டினான். லின் திரும்பினாள். ஹெட்போனில் அப்பா பேசினார். பொட்டு, பொட்டு, பொட்டு. எமில்டா எதையும் நினைக்கக் கூடாது என்று கண்ணைத் திரையில் வைத்தாள், ஆனால் நாய் வந்துவிட்டது, ஒரு காது மடிந்தபடி, பேனையோடு, நாக்கைத் தள்ளிக்கொண்டு. மூக்கால் ஒரு சீறல். பிறகு அது வந்தது. நாற்பத்தேழு வயதுப் பெண்ணின் நெஞ்சிலிருந்து வருகிற சிரிப்பு இல்லை அது, மெல்லியதாய், கூராய், இடையில் விக்கலோடு, வெட்கமே இல்லாமல் ஒரு சின்னப் பெட்டையின் சிரிப்பு. எட்டு விநாடி முடிந்தது, லின் வாயை மூடிவிட்டாள், அதிகாரி சிரிக்கத் தொடங்கிவிட்டான், எமில்டாவால் நிறுத்த முடியவில்லை, மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தாள், கண்ணில் நீர் வழிந்தது, அதற்குப் பழக்கமான நீர்தானே. கண்ணாடிக்குப் பின்னால் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், ரெஹானா பதிவை நிறுத்தவும் மறந்து மேசையில் தலையை வைத்திருந்தாள்.

"எங்கக்கா வச்சிருந்தீங்க இத்தனை வருஷமா இதை!" என்றான் பரணிதரன், கண்ணைத் துடைத்தபடி.

எமில்டா நிமிர்ந்தாள். மைக் இன்னும் திறந்திருந்தது. அவள் அதற்குள் பேசினாள், காலையிலிருந்து வாயில் வந்து உட்கார்ந்துவிட்ட அந்தத் தமிழிலேயே. "நான்தான் சிரிச்சனான்."

"என்னக்கா?"

"பிலோமினா சிரிக்கேல்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவள். பின்னால இருந்து சிரிச்சது நான்."

ரெஹானா முன்னால் இருந்த தாள்களைப் புரட்டினாள், ஒரு பக்கத்தில் விரலை வைத்துக் கீழே வரைக்கும் ஓட்டினாள், மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தாள். "பிலோமினான்னு ஒரு கேரக்டர் இதுல இல்லையேக்கா. எல்லாம் சீனாப் பேருதான் இருக்கு."

"அக்கா அந்த மூட்லயே இருக்காங்க, விடு," என்றான் பரணிதரன். "அக்கா, ஒரு யோசனை. அடுத்து ஊரே சிரிக்கிறதுக்குத் தனியா ஆள் கூப்பிட வேணாம்னு தோணுது. இந்தச் சிரிப்பையே கொஞ்சம் முன்னப்பின்ன தள்ளித் தள்ளி அடுக்கினா கிராமம் பூரா சிரிக்கிற மாதிரி வந்துடும். போட்டுக் காட்டவா?"

அவள் பதில் சொல்வதற்குள் ஹெட்போனில் அது தொடங்கிவிட்டது. முதலில் ஒருத்தி சிரித்தாள், பிறகு பக்கத்தில் ஒருத்தி, பின்னால் ஒருத்தி, பிறகு இருநூறு பேர், ஒருவர்கூட வாயைப் பொத்தாமல்.